டிஸ்க் கோல்ஃப்: தட்டின் மேலும் அடியிலும் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

முகில் (தம்பெரே) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஃபின்லாந்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடையில் அலுவலக நண்பர்கள் டிஸ்க் கோல்ஃப், அதாவது பிளாஸ்டிக் தட்டைச் சங்கிலி தொங்கும் கூடைக்குள் எறியும் விளையாட்டு, ஆட அழைத்துப் போனார்கள். முதல் நாளே பிடித்துப்போனது. காட்டுக்குள் நடக்கிறோம், நுழைவுக் கட்டணம் இல்லை, சங்கிலியில் மோதி டிஸ்க் கூடைக்குள் விழும் சத்தம் வீடு வரும்வரை காதில் நிற்கிறது. இதுவரை இரவல் டிஸ்க்கில்தான் ஆடினேன். சொந்தமாக மூன்று வாங்கலாம் என்று சனிக்கிழமை கடைக்குப் போனேன், ஒன்றுகூட வாங்காமல் திரும்பி வந்தேன்.

சுவர் முழுக்க டிஸ்க். லெப்பர்ட் என்ற ஒரே பெயரில் டிஎக்ஸ், ஜிஸ்டார், ஸ்டார், சாம்பியன் என்று நான்கு வகை. டிஎக்ஸைவிட சாம்பியன் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் நான்குக்கும் எண்கள் ஒன்றேதான்: 6, 5, −2, 1. அடுத்த அடுக்கில் 300, 400, 750 என்று போட்ட டிஸ்க்குகள். இது எடையா? வேறொன்றில் 6எக்ஸ். பழைய டிஸ்க் பெட்டியில் கிடந்த ஒன்றில் எஃப்2 என்று இருந்தது, இன்னொன்றின் அடியில் 172 என்ற எண்ணும் யாருடைய தொலைபேசி எண்ணோ ஒன்றும் இருந்தன.

எண்கள் ஒன்றாகவே இருக்கும்போது பிளாஸ்டிக்குக்காக ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்? புதிதாகத் தொடங்குபவன் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர் (மிச்சிகன்) எழுதியது:

முகில், மூன்று வேறு செய்திகள் ஒரே தட்டில் எழுதியிருப்பதால் வரும் குழப்பம் இது. தட்டை வார்க்கும் அச்சின் பெயர் ஒன்று. பிளாஸ்டிக்கின் பெயர் இன்னொன்று. அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் உரிய எடை மூன்றாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் சுவர் பாதி புரிந்துவிடும்.

லெப்பர்ட் என்பது அச்சு. நான்கு எண்களும் அச்சுக்கு உரியவை. வரிசையாக வேகம், மிதப்பு, திரும்பல், சரிவு. வேகம் 6 என்றால் அந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்று பொருள் அல்ல, அது சரியாகப் பறக்க நீங்கள் எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. புதியவர்கள் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். வேகம் 12 கொண்ட டிரைவரை (தூரத்துக்கு எறியும் டிஸ்க்) வாங்கினால் தூரம் போகும் என்று நினைப்பார்கள். கையில் அந்த வேகம் இல்லாவிட்டால் அது எழும்பாமலே இடப்பக்கம் விழும். மூன்றாவது எண்ணான திரும்பல், வலது கைக்காரர் பின்கையாக (பேக்ஹேண்ட்) எறியும்போது டிஸ்க் பறப்பின் முதல் பாதியில் வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பதைக் காட்டும். −2 என்றால் நன்றாகவே சாயும். நான்காவதான சரிவு, வேகம் குறைந்தபின் இடப்பக்கம் எவ்வளவு வளையும் என்பது. இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

இனி பிளாஸ்டிக். ஒரே இட்லித் தட்டில் அரிசி மாவும் ஊற்றலாம், கேழ்வரகு மாவும் ஊற்றலாம். குழி ஒன்றுதான், வெந்து வருவது ஒன்றுபோல் இருக்காது. டிஸ்க்கும் அப்படித்தான். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். ஆறும்போது அது சுருங்குகிறது. ஒவ்வொரு கலவையும் ஒவ்வோர் அளவு சுருங்கும். அதனால் ஒன்றில் நடுத்தட்டு குவிந்து நிற்கும், மற்றொன்றில் தட்டையாக இருக்கும். விளிம்பின் மூக்கு கொஞ்சம் மேலேறியோ இறங்கியோ அமையும். மூக்கு மேலே இருந்தால் டிஸ்க் இடப்பக்கம் வளைய விரும்பும். இந்த மாற்றம் சில சமயம் மில்லிமீட்டர் கணக்குக்கும் குறைவு, ஆனால் எறிந்தால் தெரியும். தட்டின் மேல் எழுதிய எண் அச்சுக்குத்தான், கையில் இருக்கும் தட்டுக்கு அல்ல.

லெப்பர்ட்டைச் செய்யும் இன்னோவா நிறுவனத்தில் அடிமட்ட பிளாஸ்டிக் டிஎக்ஸ். மலிவு, கையில் நன்றாகப் பிடிக்கும், மரத்தில் மோதினால் சீக்கிரம் வடுப்படும். சாம்பியன் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், கெட்டி, வழவழப்பு, வருடக்கணக்கில் உழைக்கும். ஸ்டார் ஒளி ஊடுருவாது, கிட்டத்தட்ட அதே உழைப்பு, பிடிமானம் கூடுதல். ஜிஸ்டார் என்பது ஸ்டாரை இன்னும் வளையும்படி செய்தது. விலை உயர்ந்தவை பெரும்பாலும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் குடும்பம். பல கைபேசி உறைகளும் சில செருப்புகளின் அடிப்பாகமும் செய்வது அதில்தான். பொதுவாக, ஒரே அச்சில் சாம்பியன் கொஞ்சம் பிடிவாதமாக இடப்பக்கம் திரும்பும், ஸ்டார் நடுவில், டிஎக்ஸ் அடிபட அடிபட வலப்பக்கம் சாயத் தொடங்கும்.

நிறுவனம் மாறினால் பெயர்தான் மாறும். டிஸ்கிராஃப்டில் அடிமட்டம் ப்ரோ டி, ஒளி ஊடுருவுவது ஜீ, ஸ்டாருக்கு இணையாக இஎஸ்பி. ஸ்வீடனின் லாட்டிட்யூட் 64-இல் ரெட்ரோ, ஓப்டோ, கோல்ட். அமெரிக்காவின் டைனமிக் டிஸ்க்ஸ், ஃபின்லாந்தில் பிறந்த வெஸ்ட்சைட் இரண்டுக்கும் லாட்டிட்யூட் 64 ஆலையே டிஸ்க் வார்த்துக் கொடுத்து வந்தது. ஆகவே ஓப்டோ, டைனமிக்கின் லூசிட், வெஸ்ட்சைடின் விஐபி மூன்றையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கோல்ட், ஃப்யூஷன், டூர்னமென்ட் மூன்றும் அப்படியே.

நீங்கள் பார்த்த 300, 400, 750 எல்லாம் புராடிஜி நிறுவனம் பிளாஸ்டிக்குக்கு வைத்த பெயர்கள். எடையும் இல்லை, வேகமும் இல்லை.

என் யோசனை: மூன்றையும் டிஎக்ஸில் வாங்குங்கள். கூடைக்கு அருகில் எறிய ஏவியார் (பட்டர்), நடுத்தூரத்துக்கு ஷார்க் (மிட்ரேஞ்ச்), அதற்கு மேல் லெப்பர்ட் (ஃபேர்வே டிரைவர்). இன்னோவாவே தொடக்கக்காரருக்கு இந்த மூன்றையும் சேர்த்து ஒரு கட்டாக விற்கிறது.

சங்கிலிச்சத்தம் (ஆஸ்டின்) எழுதியது:

கதிர் அண்ணா சொன்ன விளக்கம் எல்லாம் சரி. ஆனால் கடைசி யோசனையை நான் ஏற்கவில்லை.

எங்கள் பக்கம் திடல்களில் தரை சுண்ணாம்புப் பாறை. நான் தொடங்கியபோது இதே அறிவுரையைக் கேட்டு அடிமட்ட பிளாஸ்டிக்கில் ஒரு ஃபேர்வே டிரைவர் வாங்கினேன். முதல் மாதம் நேராகப் பறந்தது. இரண்டாம் மாதம் வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் விளிம்பு முழுக்க பல்வரிசை மாதிரி வெட்டு, எறிந்த உடனே புரண்டு தரையில் ஓடியது. என் கை திரும்புகிறதா டிஸ்க் மாறிவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை. எறியும் முறையைத் திருத்துகிறேன் என்று இல்லாத பிழையைத் தேடி இரண்டு மாதம் போனது. கற்றுக்கொள்பவருக்கு நேற்று பறந்தபடியே இன்றும் பறக்கும் டிஸ்க்தான் வேண்டும். அப்போதுதான் மாறியது தன் கை என்று தெரியும்.

ஆகவே காசு கொஞ்சம் கூடினாலும் மிட்ரேஞ்சும் ஃபேர்வேயும் உயர்ந்த பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். கூடைக்கு அருகில் எறியும் பட்டர் மட்டும் அடிமட்டத்தில் போதும். அது அதிகம் மோதுவது சங்கிலியில், விரலில் ஒட்டுவதுபோன்ற பிடிமானம் அதற்குத்தான் முக்கியம். உலக அளவில் ஆடுபவர்களே பட்டரை மலிவு பிளாஸ்டிக்கில் வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

கதிர் (மிச்சிகன்) எழுதியது:

பாறைத் தரை என்றால் உங்கள் பேச்சு நியாயம். நான் ஆடும் ஹட்சன் மில்ஸ் போன்ற இடங்களில் புல்லும் மண்ணும். அங்கே டிஎக்ஸ் லெப்பர்ட் ஒரு கோடை முழுக்கத் தாங்கும்.

ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. மெதுவாக எறியும் கைக்கு, சாம்பியன் லெப்பர்ட் புதிதாக இருக்கும்போது எண்ணில் சொன்ன −2 தெரியவே தெரியாது. நேராகப் போய் இடப்பக்கம் விழும். புதியவர் "எனக்கு இந்த விளையாட்டு வராது" என்று நினைத்துவிடுவார். டிஎக்ஸ் முதல் வாரத்திலேயே அந்தத் திரும்பலைக் காட்டும். தன் கையிலிருந்து போன டிஸ்க் ஒருமுறை வலப்பக்கம் மிதந்து பிறகு நேராகி இறங்குவதைப் பார்த்தால் வரும் மகிழ்ச்சிக்காகச் சொல்கிறேன்.

அடிபட்ட டிஎக்ஸைத் தூக்கிப் போடவும் வேண்டாம். இடப்பக்கம் வளையும் புதிய டிஸ்க், நேராகப் போகும் பாதி பழகிய டிஸ்க், வலப்பக்கம் சாயும் பழையது என்று ஒரே அச்சில் மூன்றைப் பையில் வைத்துக்கொள்ளும் ஆட்கள் நிறைய. விரல் ஒரே விளிம்புக்குப் பழகியிருக்கும், பறப்பது மூன்று விதம். இன்னோவாவின் ராக் என்ற மிட்ரேஞ்சை இப்படிப் பழக்குவது இங்கே பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கமாகவே இருக்கிறது.

செல்வி (எஸ்பூ) எழுதியது:

தம்பி முகில், கதிரும் ஆஸ்டின்காரரும் சொல்வதில் குளிர் வரவில்லை. நீங்கள் இருப்பது தம்பெரே. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நினைத்துப் பாருங்கள்.

வழவழப்பான, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குளிரில் இன்னும் கெட்டியாகும். விரல் மரத்துப்போயிருக்கும், டிஸ்க் ஈரமாக இருக்கும், எறியும்போது நழுவிவிடும். ஹெல்சிங்கியின் தலி திடலில் ஒரு நவம்பர் காலை, என் டிஸ்க் கையை விட்டு நழுவி, குறிவைத்த பாதைக்குக் குறுக்கே பறந்து அடுத்த கூடைக்காரர்கள் பக்கத்தில் போய் விழுந்தது. யார் மீதும் படவில்லை. அன்றிலிருந்து குளிர்காலத்துக்கு வளையும் பிளாஸ்டிக்தான். கடையில் டிஸ்க்கை இரண்டு கையால் பிடித்து லேசாக மடித்துப் பாருங்கள், அனுமதி கேட்டுவிட்டு. எது இணங்குகிறதோ அதுவே குளிரில் பிடிக்கும். ஜிஸ்டார், டிஸ்கிராஃப்டின் ஜீ ஃபிளெக்ஸ் போன்றவை அந்த வகை. இங்கே பலரும் கைகுளிராமல் இருக்க பாக்கெட்டில் சூட்டுப் பை வைத்திருப்பார்கள், சின்னத் துண்டு ஒன்று பையில் தொங்கும்.

மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும் மாதங்களில் ஒளிரும் டிஸ்க் வேண்டும். பெயரில் குளோ என்று இருக்கும், எம்விபி நிறுவனத்தில் எக்லிப்ஸ் என்பார்கள். புற ஊதா டார்ச்சைக் கொஞ்சம் காட்டினால் நன்றாக ஒளிரும். ஒளிரும் கலவை வழக்கமாகக் கெட்டி, இடப்பக்கம் கொஞ்சம் அதிகம் இழுக்கும். அதை மனதில் வைத்து எறியுங்கள்.

இன்னொன்று, எடையைப் பற்றி யாருமே விளக்கிச் சொல்லவில்லை. அடியில் பேனாவால் எழுதியிருந்த 172 என்பது கிராம். அந்த ஒரு டிஸ்க்கின் எடை. புதியவருக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் அனுபவம். என் மகளுக்குப் பத்து வயதில் 175 கிராம் டிஸ்க் கொடுத்தபோது அது பறக்கவில்லை, கல் மாதிரி விழுந்தது. 150-க்கும் குறைந்த ஒன்றைக் கொடுத்தேன், அதே அச்சு. மிதந்தது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லாட்டிட்யூட் 64-இன் டைமண்ட் என்ற டிஸ்க் இலகு எடையிலேயே வரும், கை மெதுவானவர்களுக்கு மிக நல்லது. காற்றடிக்கும் நாளில் மட்டும் இலகு டிஸ்க் அலையும். உங்களுக்கு 160-க்கும் 168-க்கும் இடையில் ஒரு ஃபேர்வே டிரைவர் சரியாக இருக்கும்.

முகில் (தம்பெரே) எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. எடையை நான் பார்க்கவே இல்லை. ஒரு சந்தேகம். சுவரில் இருந்த டிரைவர்களில் 175-க்கு மேல் ஒன்றும் கண்ணில் படவில்லை, ஆனால் மிட்ரேஞ்ச் சிலவற்றில் 180 வரை இருந்தது. ஏன்? அப்புறம் அந்த எஃப்2, 6எக்ஸ் எல்லாம் என்னவென்று யாரும் சொல்லவில்லையே.

கதிர் (மிச்சிகன்) எழுதியது:

எடைக்கு விதி இருக்கிறது. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம், டிஸ்க்கின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது என்கிறது. டிரைவர் விட்டம் பெரும்பாலும் 21.2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 176 வரும். பெரிய மிட்ரேஞ்ச் 21.7 இருக்கும், அதற்கு 180.1. நீங்கள் சுவரில் பார்த்த எல்லை அதுதான். எந்த டிஸ்க்கும் 200 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு.

எண்ணும் எழுத்துமாக இருப்பவற்றில் பாதி, பறப்பதைப் பற்றியே பேசுவதில்லை. எஃப்2 என்பது இன்னோவா ஆலையில் தரச் சோதனையில் இரண்டாம் தரமாக ஒதுக்கியது. நிறம் கலங்கியிருக்கலாம், மேலே உள்ள முத்திரை சரியாக விழாமல் இருக்கலாம், கொஞ்சம் வேறு மாதிரிப் பறக்கலாம். ஆடத் தடை இல்லை, விலை குறைவு. டிஸ்கிராஃப்டில் இதற்கு எக்ஸ் அவுட் என்று பெயர். புதியவர்கள் உயர்ந்த பிளாஸ்டிக்கை மலிவாக வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சங்கிலிச்சத்தத்துக்கும் எனக்கும் இடையே நடந்த வாக்குவாதத்துக்கே இது ஒரு பதில்.

6எக்ஸ் என்பது பால் மெக்பெத். 2012 தொடங்கி 2022 வரை ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர், அந்த ஆறு. கென் கிளைமோ பன்னிரண்டு முறை வென்றவர், அதனால் சில ஏவியார்களில் 12எக்ஸ் என்று இருக்கும். ஏவியாரில் கேசி என்று பார்த்தால் அதுவும் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான், ஆனால் அது கொஞ்சம் கெட்டியான பிளாஸ்டிக் கலவையையும் குறிக்கும். ஜேகே என்றால் ஜூலியானா கோர்வர் என்ற வீராங்கனை. ஆகவே வீரர் பெயர் முத்திரையில் மட்டும் இருக்கிறதா, பிளாஸ்டிக்கின் பெயராகவே இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வீரர் பெயர் போட்ட டிஸ்க்கை வாங்கினால் அவருக்கு ஒரு பங்கு போகும். பிடித்த வீரருக்காக வாங்குவதில் தவறே இல்லை, மற்றபடி அந்த முத்திரைக்காகக் கூடுதல் காசு வேண்டாம். முதல் வார்ப்பு (ஃபர்ஸ்ட் ரன்), முன்மாதிரி (புரோட்டோடைப்) என்று எழுதியவையும் சேகரிப்பவர்களுக்கு உரியவை.

முத்திரையை விட்டுவிட்டு டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பல டிஸ்க்குகளின் அடியில் அச்சிலேயே வார்த்த புடைப்பு எழுத்து இருக்கும். நிறுவனம், அச்சின் பெயர், சங்கத்தின் ஒப்புதல். முத்திரை தேய்ந்து போன பழைய டிஸ்க்கை அடையாளம் காண அதுதான் துணை. எம்விபி டிஸ்க்கைத் தொட்டாலே தெரியும். விளிம்பு தனி பிளாஸ்டிக், நடு தனி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்திருப்பார்கள். விளிம்பில் எடை கூடினால் சுழற்சி நிலைக்கும் என்பது அவர்கள் எண்ணம். நியூட்ரான், புரோட்டான், பிளாஸ்மா என்று அவர்கள் சொல்வது நடுப் பிளாஸ்டிக்கை.

அந்தத் தொலைபேசி எண்: டிஸ்க்குக்கு உரியவர் எழுதியது. தொலைந்ததைக் கண்டெடுத்தால் அழைத்துச் சொல்வது இந்த விளையாட்டின் மரியாதை. பழைய பெட்டியில் எண்ணோடு ஒன்று இருந்தால், வாங்கும் முன் அந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

சங்கிலிச்சத்தம் (ஆஸ்டின்) எழுதியது:

எஃப்2 யோசனைக்கு என் முழு ஆதரவு.

வெயில் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். காருக்குள் டிஸ்க்கை அடுக்கி வைக்காதீர்கள். இங்கே ஜூலையில் மதியம் ஒருமுறை பின்சீட்டில் விட்டுப் போய்த் திரும்பினால் என் டிஸ்க் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. சூடான குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, சமமான மேசையில் கனமான புத்தகத்தின் கீழ் ஆறவிட்டேன். பெரும்பாலும் சரியானது. கொதிக்கும் நீர் வேண்டாம்.

முகில் (தம்பெரே) எழுதியது:

நேற்று மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை கையில் எடுத்துத் திருப்பி, சாய்த்து, மடித்துப் பார்த்தே வாங்கினேன். ஏவியார் டிஎக்ஸில் 170 கிராம். லெப்பர்ட் டிஎக்ஸில் 165. மிட்ரேஞ்சுக்கு இரண்டாம் தரப் பெட்டியில் ஒன்று கிடைத்தது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், முத்திரை பாதி விழவில்லை, 174 கிராம். அடிமட்ட விலையைவிட ஒன்றரை யூரோதான் கூட.

பழைய பெட்டியில் இருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். அவரே கடைக்கு விற்றதாம், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வேகம் 11, அவசரப்படாதீர்கள் என்று பதில் போட்டார். அங்கேயே விட்டுவிட்டேன்.

இன்று காலை ஐந்தாவது கூடையில் லெப்பர்ட் கதிர் அண்ணா சொன்னபடியே செய்தது. வலப்பக்கம் மெதுவாகச் சாய்ந்து, நின்று, நேராகி இறங்கியது. அதே இடத்திலிருந்து இரண்டாம் தர மிட்ரேஞ்சை எறிந்தால் அது கொஞ்சமும் சாயாமல் இடப்பக்கம் போய் உட்கார்ந்தது. எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்போது அந்த வித்தியாசம் கண்ணால் தெரிகிறது.

ஒரே கேள்வி மிச்சம். என் எண்ணை எதால், எங்கே எழுத வேண்டும்? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

செல்வி (எஸ்பூ) எழுதியது:

ஸ்டிக்கர் வேண்டாம் தம்பி. தடவினால் தடிமன் தெரியும்படி எதையாவது ஒட்டியிருந்தால் போட்டியில் அந்த டிஸ்க் செல்லாது. அழியாத மை மார்க்கர் வாங்குங்கள். அடியில் நடுத்தட்டில் எழுதுங்கள், விளிம்பின் உட்பக்கத்தில் எழுதினால் விரல் பட்டு ஒரு மாதத்தில் அழியும். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் எழுதியபின் சில நிமிடம் தொடாமல் காயவிடுங்கள். எண் மாறினால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும்.

மூன்றிலும் எழுதுங்கள். போட்டியில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உங்களுக்கே உரிய அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணோடு பெயரையும் போடுங்கள். இலை உதிரும் காலம் வரப்போகிறது, மஞ்சள் டிஸ்க்கைத் தேட முடியாது. லெப்பர்ட் என்ன நிறம் வாங்கினீர்கள்?

முகில் (தம்பெரே) எழுதியது:

மஞ்சள், அக்கா. எண்ணையும் பெயரையும் இப்போதே எழுதுகிறேன்.